காசு கடல் கடப்பதில்லை

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடை. மகன் அங்கே 500 டொலரைக் கொடுத்து, யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருக்கும் அம்மாவின் தொலைபேசி இலக்கத்தையும் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். அடுத்த நாள் காலை அம்மாவின் வீட்டுப் படலையடியில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். படிவம் இல்லை, ரசீது இல்லை. இந்த முறைக்குப் பெயர் உண்டியல். இதே தொகையை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் சில நாள் எடுத்திருக்கலாம். கைக்கு வருவதும் குறைந்திருக்கலாம். பளிங்குத் தரையும் கணினி அறைகளும் வைத்திருக்கும் வங்கி திணறும் வேலையை ஒரு கைத்தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் மட்டும் உள்ள உண்டியல்காரர் எப்படிச் செய்கிறார்?

யாழ்ப்பாணத்தில் இதற்கு வழக்கமான பதில், “அவங்களுக்கு அங்கயும் இங்கயும் ஆள் இருக்கு” என்பது. பதில் சரிதான். அதன் முழுப் பொருளை மட்டும் நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. 2006 ஆகஸ்டில் போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டுக்கு அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் கப்பல் பார்த்துக் காத்திருந்தன. வெளிநாட்டுக் காசு மட்டும் வந்துகொண்டிருந்தது. பாதை மூடினாலும் வருகிற பொருள் என்றால், அது அந்தப் பாதையால் ஒருபோதும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

புத்தூரை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அதில் எலுமிச்சம்பழம் ஒன்றைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று ஒரு பழங்கதை. சுண்ணக்கல்லுக்குள் நீர் ஓடும் வெடிப்புகள் உண்டு என்பது உண்மை. பழத்தின் பயணத்தைக் கதையாகவே விட்டுவிடுவோம். ஆனால் அந்த அதிசயத்தை எவரும் நடத்திக் காட்டலாம். கீரிமலையில் ஒரு நண்பர் மடி நிறைய எலுமிச்சம்பழங்களோடு இருக்கட்டும். இங்கே பழம் விழுந்ததும் அவருக்கு ஓர் அழைப்பு. அவர் தன் மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கேணியில் போடுகிறார். விழுந்தது வேறு பழம், மிதப்பது வேறு பழம்; பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்று.

எல்லை தாண்டும் காசு முழுவதும் இப்படித்தான் தாண்டுகிறது. உண்டியலும் அப்படித்தான், உலகின் மிகப் பெரிய வங்கியும் அப்படித்தான். ஸ்காபரோவில் கொடுத்த டொலர் கனடாவை விட்டு அசைவதில்லை. புத்தூரில் வாங்கிய ரூபாய் முன்பே இலங்கையில் இருந்த ரூபாய். ஆகவே காசு அனுப்புவது ஏன் செலவாகிறது என்று கேட்டால் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. கீரிமலை நண்பருக்குச் செய்தி எப்படிப் போகிறது, மடியில் பழம் தீர்ந்தால் யார் நிரப்புகிறார்கள் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

செய்தியின் கதை சிறியது. வங்கிகள் ஒருகாலத்தில் டெலெக்ஸில் செய்தி அனுப்பின. ஒவ்வொன்றையும் ஆள் இருந்து வாசித்துச் சரிபார்க்க வேண்டும். 1973இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கின. 1977இல் அதன் முதல் செய்திகள் ஓடின. இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளில் 11,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. வங்கிப் படிவத்தில் நாம் நிரப்பும் ஸ்விஃப்ட் குறியீடு அந்த வலையில் ஒரு வங்கியின் முகவரி. அதன் ஐந்தாம் ஆறாம் எழுத்துகள் நாட்டைச் சொல்லும்; இலங்கைக்கு எல்.கே. ‘ஸ்விஃப்டில் காசு அனுப்பினேன்’ என்று சொல்கிறோம். ஸ்விஃப்ட் ஒரு சதம் கூட அனுப்புவதில்லை. ‘இன்னாரின் கணக்கில் இவ்வளவு வரவு வை’ என்ற சொல்லை மட்டும் கொண்டுபோகிறது. அந்த வேலையில் உண்டியல்காரரின் கைத்தொலைபேசிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை, பாதுகாப்பைத் தவிர.

மடியை நிரப்பும் விஷயம்தான் சிக்கலானது. கொழும்பில் ஒரு வங்கி, நியூயோர்க்கில் உள்ள ஒரு வங்கியில் தன் பெயரில் டொலர்க் கணக்கு ஒன்று வைத்திருக்கும். வங்கிக்காரர்கள் இதை நொஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் ‘எங்கள் கணக்கு’. அந்த நியூயோர்க் வங்கி இதன் முகவர் வங்கி. கனடாவிலிருந்து 500 டொலர் புறப்படும்போது நடப்பது இது. கனடிய வங்கி உங்கள் கணக்கில் 500ஐக் கழிக்கிறது. கனடிய டொலரையும் இலங்கை ரூபாயையும் நேருக்கு நேர் மாற்றும் பெரிய சந்தை இல்லாததால் தொகை முதலில் அமெரிக்க டொலராகிறது. பிறகு நியூயோர்க்கில் கனடிய வங்கியின் கணக்கில் ஒரு பற்று, கொழும்பு வங்கியின் கணக்கில் ஒரு வரவு. இரண்டு வங்கிகளுக்கும் பொதுவான முகவர் இல்லையென்றால் நடுவில் இன்னொரு வங்கி வரும். கடைசியாகக் கொழும்பு வங்கி, தன்னிடம் உள்ள ரூபாயை அம்மாவின் கணக்கில் சேர்க்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘நாட்டுக்குள் டொலர் வருகிறது’ என்று செய்தியில் கேட்கிறோம். அந்த டொலர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவதில்லை. நியூயோர்க்கிலேயே இருக்கிறது. அங்கே ஒரு கணக்கேட்டில் உரிமையாளரின் பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெயர் மாற்றம் பெறுமதியற்றது என்று நினைக்க வேண்டாம். இலங்கை வாங்கும் பெற்றோலுக்கும் மருந்துக்கும் அந்தக் கணக்கிலிருந்துதான் விலை போகிறது.

ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு கட்டணம் ஒட்டிக்கொள்கிறது. இடைவங்கி தன் பங்கை அனுப்பும் தொகையிலிருந்தே கழிக்கக்கூடும். ‘முழுச் செலவும் எனக்கு’ என்று அனுப்புபவர் குறிப்பிடாவிட்டால் அம்மாவுக்குச் சில டொலர் குறைந்து வருவது இதனால்தான். சோதனைச் செலவும் உண்டு. ஒவ்வொரு வங்கியும் பெயர்களைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே தமிழ்ப் பெயரைக் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் நமக்கு இந்தச் சோதனை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சோதனைச் செலவு கூடக்கூட, சிறிய நாடுகளோடு முகவர் உறவு வைப்பது லாபமில்லை என்று பெரிய வங்கிகள் விலகின. 2011க்குப் பின் வந்த பத்தாண்டில் உலகளவில் இந்த உறவுகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அறுந்துபோனது. சட்டவிரோதப் பணத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு 2017 முதல் 2019 வரை இலங்கையைச் சாம்பல் பட்டியலில் வைத்திருந்தது; அந்த இரண்டு ஆண்டும் இலங்கையோடு கொடுக்கல் வாங்கல் செய்த வங்கிகள் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருந்தது.

இப்படி நொஸ்ட்ரோ கணக்கில் டொலரைப் போட்டு வைப்பதே ஒரு செலவு. சும்மா கிடக்கும் காசு அது. அதைத் தவிர்க்க ஒரு பழைய தந்திரம் உண்டு. நிலாவரையிலிருந்து கீரிமலைக்குப் பழம் அனுப்ப ஒருவர் இருந்தால், கீரிமலையிலிருந்து நிலாவரைக்கு அனுப்ப இன்னொருவரும் இருப்பார். இரண்டு பழங்களையும் ஒன்றோடொன்று கழித்துவிட்டால் யாரும் மடியை நிரப்ப வேண்டியதில்லை. இந்தக் கழித்து நேர்செய்தல்தான் மலிவின் இரகசியம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சென்னை என்று தம் கடைகளுக்கிடையே உண்டியல் எழுதி இதைத்தான் செய்தார்கள். ரங்கூனில் ஒருவர் கட்டிய காசுக்குச் சென்னைக் கடை பணம் கொடுக்கும். எதிர்த்திசையில் இன்னொருவருடைய காசு அதை நிரப்பும். மிச்சம் நிற்கும் வித்தியாசத்தை மட்டும் தீர்த்தால் போதும்.

பின்னாளில் லண்டனில் இரண்டு எஸ்தோனியர்கள் அதையே மறுபடி கண்டுபிடித்தார்கள். டாவெட் ஹின்ரிகுஸுக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுணில். கிறிஸ்டோ கேர்மானுக்குச் சம்பளம் பவுணில், எஸ்தோனியாவில் வீட்டுக் கடன் யூரோவில். இருவரும் சந்தை வீதத்தைப் பார்த்து, ஒருவர் மற்றவரின் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். யூரோ எஸ்தோனியாவிலேயே இருந்தது, பவுண் லண்டனிலேயே இருந்தது. வங்கிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதிலிருந்துதான் இன்று வைஸ் என்று அறியப்படும் நிறுவனம் 2011இல் வந்தது. அடிப்படையில் உண்டியல், மேலே உரிமமும் அடையாளச் சோதனையும் கணக்காய்வும். இந்த ஒப்புமையைச் சொன்னால் இரு தரப்பும் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் பொறிமுறை ஒன்றே.

ஆனால் லண்டனுக்கும் தாலினுக்கும் இடையில் சரிவருவது ஸ்காபரோவுக்கும் புத்தூருக்கும் இடையில் அப்படியே சரிவராது. நம் காசு ஒரு திசையில்தான் ஓடுகிறது. நூறாண்டுக்கு முன்பும் அப்படித்தான்: மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்த யாழ்ப்பாணத்தார் அனுப்பிய தொகையைப் பார்த்து, யாழ்ப்பாணத்துடையதை மணியோடர் பொருளாதாரம் என்றார்கள். இன்று மலாயாவுக்குப் பதில் கனடா, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே. புத்தூரிலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை பேர் காசு அனுப்புகிறார்கள்? அப்படி அனுப்ப விரும்பினாலும் இலங்கையின் அந்நியச் செலாவணிச் சட்டம் எல்லை போடுகிறது. எதிர்த்திசையில் ஆள் இல்லாததால் உரிமம் பெற்ற நிறுவனம் கழித்து நேர்செய்ய முடியாமல், கொழும்பு வங்கிக்கு உண்மையாகவே டொலரை விற்று ரூபாய் வாங்குகிறது. கொழும்பில் ரூபாய் தயாரானபின் மீதி வேலை எளிது. 2015 முதல் லங்காபேயின் உடனடிப் பரிமாற்ற அமைப்பு இயங்குகிறது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் சில நொடிகளில், மிகச் சிறிய கட்டணத்தில் தொகை போய்ச் சேரும்.

அப்படியானால் உண்டியல்காரரின் மடியை யார் நிரப்புகிறார்? அவருக்கு எதிர்த்திசையில் ஆள் உண்டு, வங்கிப் பதிவுகளில் தெரியாத ஆட்கள். பெறுமதியைக் குறைத்துக் காட்டிப் பொருள் இறக்கும் வியாபாரி, மீதி விலையை டுபாயில் கட்ட வேண்டும். சொத்தை வெளியே எடுக்க நினைப்பவர், தங்கம் கடத்துபவர், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டுபவர் என்று பலர். இவர்களிடம் ரூபாய் இருக்கிறது, வெளியே டொலர் வேண்டும். இவர்கள் இங்கே தரும் ரூபாய் அம்மாவின் கைக்கு வருகிறது. மகன் ஸ்காபரோவில் தந்த டொலர் இவர்களுக்காக வெளியே செலவாகிறது. கட்டணம் இல்லாமல் அல்லது சொற்பக் கட்டணத்தில் உண்டியல் ஓடுவதற்குக் காரணம், அந்தச் செலவை மறுபக்கத்தில் நிற்பவர் கட்டுவதுதான்.

இதெல்லாம் ஊகமா, அல்லது தெரிந்துதான் சொல்கிறோமா? உண்டியலுக்குப் பதிவேடு கிடைக்காது. நேரடியாக எண்ணவும் முடியாது. ஆனால் 2021, 2022இல் இலங்கையில் நடந்தது, யாரும் திட்டமிடாமல் நடந்த ஒரு பரிசோதனை. 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை மத்திய வங்கி ஓர் அமெரிக்க டொலரை 203 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வங்கிகளில் இறக்குமதிக்கு டொலர் கிடைக்கவில்லை. டொலர் தேடி அலைந்தவர்கள் உண்டியலில் 30, 40 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வங்கி வழியாக அனுப்புபவர்களுக்கு டிசம்பரில் டொலருக்கு 10 ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தும் இடைவெளி மூடவில்லை. வங்கிகள் வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் அது 5.5 பில்லியன். 2022இல் 3.8 பில்லியன்.

அனுப்புபவர்கள் ஏழைகளாகிவிட்டார்களோ என்று கேட்கலாம். 2022இல் வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். அதுவரை இல்லாத எண்ணிக்கை. கொரோனாவோ என்றால், அது பரவத் தொடங்கிய 2020இல்தான் தொகை கூடியிருந்தது. வளைகுடாவில் சம்பளம் விழுந்ததோ என்றால், அதே வளைகுடாவில் ஆட்களை வைத்திருக்கும் இந்தியாவுக்கு 2022இல் 100 பில்லியன் டொலருக்கு மேல் வந்தது. ஒவ்வொரு விளக்கமாகத் தட்டிக் கழித்துக்கொண்டு வந்தால் எஞ்சுவது ஒன்று: காசு வந்தது, வேறு வழியால் வந்தது. ரூபாயை மிதக்கவிட்டு, இரண்டு வீதங்களும் ஒன்றையொன்று நெருங்கியபின் 2023இல் வங்கி வழித் தொகை 6 பில்லியனை நெருங்கியது. மனிதர்கள் திருந்தியதால் அது நடக்கவில்லை. வீதம் திருந்தியதால் நடந்தது.

இடையில் கொடுத்த விலை பெரிது. தனித்தனியாக ஒவ்வொரு அம்மாவுக்கும் கூடுதல் ரூபாய் கிடைத்தது. நியூயோர்க்கில் இலங்கை வங்கிகளின் பெயருக்கு மாறியிருக்க வேண்டிய டொலர் மாறவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. அதற்கு உண்டியலே காரணம் என்று சொன்னால் அது அநியாயம். வரிக்குறைப்பும் கடனும் கொள்கைத் தவறுகளும் முன்னே நின்றன. அந்தச் செயற்கையான வீதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் உண்டியல்காரருக்கு வாடிக்கையாளரை அனுப்பி வைத்தார்கள் என்பது என் எண்ணம்.

நேர்வழியில் மலிவாக அனுப்புவது எப்படி என்பதற்கு வருவோம். ஒரு கனடிய டொலருக்குச் சந்தையின் நடுவீதம் 220 ரூபாய் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நடுவீதம் என்பது வங்கிகள் தமக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்பது. 500 டொலருக்கு 1,10,000 ரூபாய் வர வேண்டும். ஒரு நிறுவனம் ‘கட்டணம் இல்லை’ என்று பலகை போட்டு, வீதத்தை 211 என்கிறது; அம்மாவுக்கு வருவது 1,05,500. இன்னொன்று 6 டொலர் கட்டணம் கேட்டு 219 தருகிறது, வருவது 1,08,186. இலவசம் என்றவரிடம் 4 சதவீதத்துக்கு மேல் போனது. கட்டணம் கேட்டவரிடம் 2 சதவீதம் கூட இல்லை. செலவு இப்படி வீதத்துக்குள் ஒளிந்திருக்கலாம்.

உலக வங்கி 2008 முதல் இந்த ஒளிந்த செலவை அளந்து வருகிறது. அளக்கும் முறை எளிமையானது, அதனால்தான் நம்பலாம்: ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர்களாகப் பல நாடுகளில் பல நிறுவனங்களைத் தொடர்புகொண்டு, 200 டொலர் அனுப்பினால் கட்டணம் எவ்வளவு, வீதம் எவ்வளவு என்று ஒரே நாளில் கேட்கிறார்கள். இரண்டையும் கூட்டி நடுவீதத்தோடு ஒப்பிடுகிறார்கள். உலகச் சராசரி 6 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. வங்கிகளின் சராசரி 10ஐத் தாண்டுகிறது. ஐக்கிய நாடுகளின் இலக்கு 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே. சோதனைத் தொகை 200 டொலர் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 30 டொலர் வங்கிக் கட்டணம் 500க்கு 6 சதவீதம், 5,000க்கு 0.6 சதவீதம். மாதாமாதம் வங்கி வழியாகச் சிறு தொகை அனுப்புபவர் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினாலே கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். நிறுவனங்களை ஒப்பிடும்போது கட்டணத்தையும் வீதத்தையும் தனித்தனியே கேட்டுக் குழம்ப வேண்டாம். கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் கேட்கலாம்.

செலவைப் போலவே தாமதத்தையும் அளந்திருக்கிறார்கள். 2017இல் ஸ்விஃப்ட் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு தனி இலக்கம் கொடுத்துப் பின்தொடரத் தொடங்கியது. அந்தத் தரவை வைத்து 2022இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து இயங்கும் பன்னாட்டுத் தீர்ப்பனவு வங்கியின் குழு ஒன்று ஆராய்ந்தது. நடுவில் நிற்கும் வங்கிகள்தான் தாமதிக்கின்றன என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். இலக்கங்கள் வேறு சொல்லின. இடைவங்கிகளைச் செய்தி விரைவாகவே கடந்துவிடுகிறது. நெடுநேரம் நிற்பது கடைசி வங்கியில், பெறுபவரின் நாட்டில். செலாவணிக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில், வங்கி வேலைநேரம் குறுகிய நாடுகளில் அது இன்னும் நீள்கிறது.

எல்லை தாண்டியும் வேகமாகப் போக முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2023 பெப்ரவரியில் இந்தியாவின் உடனடிப் பரிமாற்ற அமைப்பான யுபிஐயும் சிங்கப்பூரின் அமைப்பான பேநவும் நேரடியாக இணைந்தன. சிங்கப்பூரில் வேலை செய்பவர் சென்னையில் உள்ள கணக்குக்கு நொடிகளில் அனுப்புகிறார். இலங்கையில் 2024 பெப்ரவரி 12இல் யுபிஐ வந்தது, ஆனால் இந்தியச் சுற்றுலாப் பயணி கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்து கட்டுவதற்கு மட்டும். இந்தியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து மத்திய வங்கிகள் நெக்ஸஸ் என்ற பொது இணைப்பில் தம் உடனடி அமைப்புகளைக் கோக்கும் வேலையில் இருக்கின்றன. கனடாவில் அப்படி ஓர் உடனடி அமைப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் லங்காபே இருந்தும் மறுமுனையில் கோக்க ஒன்றும் இல்லை.

ஆகவே இப்போதைக்கு ஸ்காபரோவில் இருப்பவர் நாட்காட்டியைப் பார்த்தே அனுப்ப வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை மாலை என்றால் புத்தூரில் சனிக்கிழமை விடியல். லங்காபே சனி ஞாயிறும் ஓடும். டொலரை ரூபாயாக்கும் மேசை ஓடாது. திங்கள் போயா விடுமுறை என்றால் வங்கி செவ்வாய்தான் திறக்கும். ரூபாயை முன்கூட்டியே வாங்கிக் கொழும்பில் வைத்திருக்கும் நிறுவனம் அந்த மூன்று நாளிலும் கொடுக்கும். அந்தக் கையிருப்பைப் பிடித்து வைத்திருப்பதற்கான கூலியை அது தன் வீதத்தில் சேர்த்துக்கொள்ளும்.